செயின் மெயில்: சங்கிலியும் அல்ல, தபாலும் அல்ல

இடைக்கால ஐரோப்பாவைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் கொடுக்கும் கைவேலை ஒன்று உண்டு. மெல்லிய கம்பியைப் பென்சிலில் நெருக்கமாகச் சுற்றி, உருவி, சுருளை நெடுக வெட்டினால் சிறு வளையங்கள் உதிரும். ஒரு வளையத்தைக் குறடால் விரித்து, அதில் நான்கு வளையங்களைக் கோத்து மூட வேண்டும். பிறகு அடுத்தது. பாடவேளை முடிவதற்குள் தீப்பெட்டி அளவுத் துண்டு தேறினால் அதிகம். ஒரு போர்வீரனின் முழுச் சட்டைக்கோ பல ஆயிரம் வளையங்கள் வேண்டும். எடை ஏறக்குறைய 10 கிலோ. போதாதற்கு, அன்றைய கொல்லர்கள் வளையத்தின் முனைகளைத் தட்டையாக்கி, துளையிட்டு, சிறு ஆணியால் அறைந்து மூடினார்கள்.

இந்தச் சட்டையைத்தான் ஆங்கிலத்தில் ‘செயின் மெயில்’ என்கிறார்கள். நம் காதில் மெயில் என்றால் தபால், இல்லையென்றால் ரயில். அந்த மெயில் வேறு. பழைய பிரெஞ்சில் பையைக் குறித்த சொல், கடிதம் சுமந்த பையாகி, பிறகு கடிதமே ஆகிவிட்டது. கவச மெயிலின் மூலம் ‘மாய்’ என்ற பிரெஞ்சுச் சொல். பொருள்: வலைக்கண். அதற்கும் மூலம் லத்தீன் ‘மாகுலா’. புள்ளி, கறை, வலையின் கண் எல்லாம் அதில் அடக்கம். விழித்திரையின் நடுவில் உள்ள இடத்தைக் கண் மருத்துவர்கள் மாகுலா என்பதும் இதே சொல்தான். ‘மெய்யில் அணிவதால் மெயில்’ என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அது வெறும் ஒலி ஒற்றுமை.

அப்படியானால் செயின்? அது பின்னால் வந்த ஒட்டு. இடைக்கால ஆங்கிலத்துக்கு மெயில் என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. குழப்பம் முற்றியது 19ஆம் நூற்றாண்டில். பழைய ஓவியர்கள் வளையப் பின்னலை ஆளுக்கொரு விதமாக வரைந்திருந்தார்கள். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற போரைச் சொல்லும் பேயூ சித்திரத் துணியில் அது தனித்தனி வட்டங்களாகத் தெரியும்; வேறு படங்களில் குறுக்குக் கோடுகளாகத் தெரியும். 1824இல் கவச வரலாறு எழுதிய சாமுவேல் மெய்ரிக், வரைந்த விதம் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கவச வகையாக எடுத்துக்கொண்டு பெயர் சூட்டினார். வகைகளைப் பிரிக்க மெயிலோடு செயின் போன்ற அடைமொழிகள் ஒட்டின. அவற்றில் பல ஓவியனின் கைவண்ணம் மட்டுமே. இதை வகுப்பில் சோதிக்கலாம்: பிள்ளைகள் கோத்த துண்டையே அவர்களை வரையச் சொல்லுங்கள். பத்துப் பேர் வரைந்தால் பத்து ‘வகை’ கிடைக்கும்.

இனி தமிழுக்கு வருவோம். ‘சங்கிலிக் கவசம்’ என்ற மொழிபெயர்ப்பில் அந்தப் பிற்கால ஒட்டு மட்டுமே தங்கி, வலை நழுவிவிடுகிறது. வெறும் ‘கவசம்’ என்றால் எதையும் குறிக்கும்; புறநானூறு 13ஆம் பாட்டில் அம்புகள் கிழிக்கும் ‘புலிநிறக் கவசம்’ தோலால் ஆனது. பதிற்றுப்பத்தின் ‘சான்றோர் மெய்ம்மறை’ அழகான தொடர். அங்கே சான்றோர் என்றால் வீரர்கள். அரசன் அவர்களின் உடலை மறைக்கும் கவசம் போன்றவன். ஆனால் மெய்ம்மறையும் பொதுச்சொல்லே.

நான் நிற்பது ‘சாலிகை’யில். கவசம் என்ற பொருளில் பழைய அகராதிகளில் இருக்கும் இச்சொல், வலையைக் குறிக்கும் ‘ஜால’ என்ற வடசொல்லின் வழி வந்தது. கட்டட வேலையில் காற்றுக்காக வைக்கும் ‘ஜாலி’யும் அந்தக் குடும்பமே. வடசொல் என்று சிலர் முகம் சுளிக்கலாம், ‘கவச’மும் வடசொல்தானே. எங்கோ ஒரு பிரெஞ்சுக்காரர் இரும்புச் சட்டையில் வலையைக் கண்டார். இங்கும் ஒருவர் அதே வலையைக் கண்டிருக்கிறார்.

எட்டாம் வகுப்புக் கண்காட்சியில் சாலிகை என்று மட்டும் எழுதி வைத்தால் யாருக்கும் புரியாது என்பதும் உண்மை. அட்டையில் ‘வளையக் கவசம்’ என்று பெரிதாகவும், கீழே ‘சாலிகை’ என்று சிறிதாகவும் எழுதலாம். பக்கத்து மேசையில் அட்டையை வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிச் செய்தது இருந்தால், அது தகட்டுக் கவசம்; அதற்கு இந்தப் பெயரை ஒட்ட வேண்டாம்.