ஃபர்னிச்சரை ஏன் எண்ண முடியாது?

சேப்பாக்கத்திலோ கிண்டியிலோ ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் யாரிடமாவது, கைடு திருத்திக் கொடுத்த முதல் வரைவை வாங்கிப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே எழுத்து சிவப்பு மையில் அடிபட்டிருக்கும்: 'எஸ்'. ரிசர்ச்சஸ், எக்விப்மெண்ட்ஸ், எவிடென்சஸ், இன்ஃபர்மேஷன்ஸ், சாஃப்ட்வேர்ஸ் எல்லாம் வால் இழந்து நிற்கும். ஏன் அடித்தார் என்பதற்கு விளக்கம் இருக்காது. மிஞ்சிப்போனால் ஓரத்தில் 'அன்கவுண்டபிள்' என்று ஒற்றைச் சொல்.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித்தந்த விதி ரொம்ப எளிமை. எண்ண முடிகிற பொருள் கவுண்டபிள், எண்ண முடியாதது அன்கவுண்டபிள். நாற்காலியை எண்ணலாம், தண்ணீரை எண்ண முடியாது. சரி, ஃபர்னிச்சர்? கூடத்தில் மூன்று நாற்காலி, ஒரு மேசை, ஒரு பீரோ இருக்கின்றன. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் ஐந்து என்று சொல்லிவிடும். ஆனால் 'ஃபைவ் ஃபர்னிச்சர்ஸ்' என்று எழுதினால் ஆங்கிலம் ஒத்துக்கொள்ளாது. 'ஃபைவ் பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்' என்று சுற்றிவளைத்துத்தான் சொல்ல வேண்டும். ஆக, விதி பொருளைப் பற்றியதே அல்ல, சொல்லைப் பற்றியது.

சமையலறையிலேயே இதைப் பார்க்கலாம். அரிசி, பருப்பு இரண்டும் சின்னச் சின்ன மணிகள், பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருப்பவை. ஆங்கிலத்தில் 'ரைஸ்' எண்ணாச் சொல், 'லென்டில்ஸ்' எண்ணும் சொல். 'ஆனியன்ஸ்' என்று வெங்காயத்தை எண்ணுகிறவர்கள் 'கார்லிக்' என்று பூண்டை மட்டும் எண்ணாமல் விடுகிறார்கள். 'வீட்' என்றால் ஒருமை, 'ஓட்ஸ்' என்றால் பன்மை. புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சு படித்தவர்களைக் கேட்டால் இன்னொன்று சொல்வார்கள்: 'இன்ஃபர்மேஷன்' என்ற அதே சொல் பிரெஞ்சில் தாராளமாகப் பன்மை ஏற்கும். பட்டாணியின் கதை இதைவிட வேடிக்கை. சில நூற்றாண்டுகளுக்கு முன்பு ஆங்கிலத்தில் அது 'பீஸ்'. கடைசியில் வரும் ஒலி சொல்லின் பகுதியே தவிர, பன்மை விகுதி அல்ல. கேட்டவர்கள் அதைப் பன்மை என்று எடுத்துக்கொண்டு, ஒருமைக்கு 'பீ' என்று ஒரு புதுச் சொல்லை வெட்டி எடுத்துவிட்டார்கள். பட்டாணி மாறவில்லை, சொல்தான் கட்சி மாறியது.

அப்படியானால் எண்ணாச் சொல்லின் குணம் என்ன? அமெரிக்கத் தத்துவ அறிஞர் குவைன் 1960இல் ஒரு நல்ல அளவுகோல் தந்தார். தண்ணீரோடு தண்ணீரைச் சேர்த்தால் கிடைப்பதும் தண்ணீர்தான். நாற்காலியோடு நாற்காலியைச் சேர்த்தால் கிடைப்பது ஒரு நாற்காலி ஆகாது. ஃபர்னிச்சர் இந்த விஷயத்தில் தண்ணீர் பக்கம்: ஃபர்னிச்சரோடு ஃபர்னிச்சர் சேர்ந்தாலும் ஃபர்னிச்சர். ஆனால் பிரித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். தண்ணீரைப் பாதியாக ஊற்றினால் பாதியும் தண்ணீர். மேசையின் ஒரு காலை அறுத்து எடுத்து வைத்தால் அதை யாரும் ஃபர்னிச்சர் என்று சொல்ல மாட்டார்கள். இலக்கணத்தில் தண்ணீர் மாதிரியும் அர்த்தத்தில் நாற்காலி மாதிரியும் இருக்கும் இந்த இரட்டைப் பிறவிகள்தான் ஆய்வேட்டில் காலை வாருகின்றன. எக்விப்மெண்ட் இந்த ரகம்தான். சாஃப்ட்வேரும் ஏறக்குறைய அப்படியே.

இது வெறும் இலக்கண வாதம் இல்லை, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பார்னர், ஸ்னெடெக்கர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட சோதனையில், ஒருவரிடம் அளவில் பெரிய சில பொருள்களும் இன்னொருவரிடம் சின்னச் சின்னதாக நிறையப் பொருள்களும் இருப்பதாகக் காட்டி, யாரிடம் அதிகம் என்று கேட்டார்கள். பற்பசை போன்றவற்றில் மொத்த அளவைப் பார்த்துப் பதில் வந்தது. ஃபர்னிச்சர் என்று கேட்டபோது எண்ணிக்கையைப் பார்த்துப் பதில் வந்தது. 'ஸ்டோன்' போன்ற சொற்களில்தான் சுவாரசியம்: 'எஸ்' இல்லாமல் கேட்டால் மொத்தக் கல்லின் அளவு, 'எஸ்' போட்டுக் கேட்டால் கற்களின் எண்ணிக்கை. கண்ணெதிரே இருப்பது ஒன்றே, ஒரு எழுத்து மாறியதும் அளக்கும் விதம் மாறிவிடுகிறது. பெரியவர்கள் மட்டுமல்ல, நாலு வயதுக் குழந்தைகளும் இப்படித்தான் பதில் சொன்னார்கள். ஃபர்னிச்சர் என்று கேட்கும்போது மூளை எண்ணத்தான் செய்கிறது. அந்தச் சொல்லோடு 'எஸ்' சேரக் கூடாது என்று ஆங்கில இலக்கணம் மட்டும் பிடிவாதம் பிடிக்கிறது.

தமிழ்பேசுகிறவர்களுக்கு இந்த வேறுபாடே பிடிபடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. அது சரியில்லை. இட்லி 'எத்தனை' என்று கேட்கிறவர்தான் சாம்பார் 'எவ்வளவு' என்று கேட்கிறார். மாற்றிக் கேட்டால் நமக்கே சிரிப்பு வரும். ஆங்கிலத்தின் 'மெனி', 'மச்' இரண்டும் இங்கேயே இருக்கின்றன. வித்தியாசம் வேறு இடத்தில். நம் மொழியில் அஃறிணைப் பெயருக்கு ஒருமையா பன்மையா என்று காட்டிக்கொள்ளும் கட்டாயம் கிடையாது. 13ஆம் நூற்றாண்டு நன்னூல் இதை 'பால்பகா அஃறிணைப் பெயர்கள் பாற்பொதுமைய' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. மாடு வந்தது, மாடு வந்தன இரண்டும் சரி. பத்து மாடு என்றால் போதும், பத்து மாடுகள் என்றாலும் தப்பில்லை. 'கள்' வேண்டும்போது போடுவது. ஆய்வுகள், தகவல்கள், ஆதாரங்கள், கருவிகள் என்று எதோடும் உறுத்தாமல் ஒட்டும். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'எஸ்' ஒட்டிவிடுகிறது.

ஆங்கிலத்தில் அந்தச் சலுகை இல்லை. எண்ணும் பெயர் ஒருமையில் வந்தால் அதன் முன்னால் 'எ', 'தி', 'ஈச்' என்று ஏதாவது ஒன்று நின்றே ஆக வேண்டும். தனியாக வர முடியாது. 'வி யூஸ்டு மைக்ரோஸ்கோப்' என்பது அரைகுறை வாக்கியம். என்னைக் கேட்டால், கூடுதலாகப் போடும் 'எஸ்'ஸைவிட இந்த விட்டுப்போன 'எ'தான் பெரிய தலைவலி. 'எஸ்'ஸை ஒரு பட்டியல் வைத்துப் பிடித்துவிடலாம், இதை வரிவரியாகப் படித்தால்தான் பிடிக்க முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'ரிசர்ச்சஸ்' என்று எழுதுவது படிக்காதவர் வேலை என்று முகம் சுளிப்பவர்களுக்கு: மைக்கேல் ஃபாரடே தன் மின்சார ஆய்வுகளைத் தொகுத்து 1839இல் வெளியிட்ட முதல் தொகுதியின் தலைப்பிலேயே 'ரிசர்ச்சஸ்' இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கிய 1857இல் அது நல்ல ஆங்கிலம். அப்புறம்தான் அங்கே வழக்கு மாறியது. இங்கே அந்தப் பன்மை இன்னும் தங்கியிருக்கிறது.

சொற்கள் கட்சி மாறுவது இன்றும் நடக்கிறது, அறிவியல் எழுத்தில் கொஞ்சம் அதிகமாகவே. மெஸ்ஸில் சர்வர் 'எத்தனை காபி?' என்று கேட்டால் டம்ளரை எண்ணுகிறார். கலப்பவர் 'எவ்வளவு காபி?' என்று கேட்டால் டிகாக்ஷனை அளக்கிறார். ஆங்கிலத்தில் 'டூ காஃபீஸ்' அப்படித்தான் பிறக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் இதைவிட அதிகம் வருவது வகையை எண்ணும் பன்மை. 'ஸ்டீல்' எண்ணாச் சொல், ஆனால் உலோகவியலில் 'ஸ்டீல்ஸ்' என்றால் எஃகு வகைகள். 'சுகர்ஸ்' என்றால் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் போன்ற சர்க்கரை இனங்கள். மருத்துவக் கல்லூரிக்காரர்கள் கவனிக்க வேண்டியது 'குரோத்'. வெறுமனே எழுதினால் வளர்ச்சி, முன்னால் 'எ' போட்டால் உடம்பில் வந்த கட்டி. 'வொர்க்ஸ்' என்றால் ஒரு எழுத்தாளரின் அல்லது ஓவியரின் படைப்புகள். 'பிரீவியஸ் வொர்க்ஸ்' என்று ஆய்வேட்டில் எழுதும்போது, நமக்கு முன்னால் ஆய்வு செய்தவர்களை ஓவியர் ஆக்கிவிடுகிறோம்.

ஒரு வாக்கியத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுவது நெடுநாளாக ஆராயப்படுவதால், அதைப் பற்றியே இருக்கட்டும்: 'மெனி ரிசர்ச்சஸ் வேர் டன் யூசிங் அட்வான்ஸ்டு எக்விப்மெண்ட்ஸ் அண்ட் எவிடென்சஸ் வேர் கலெக்டட் ஃப்ரம் போர்வெல்.' 'எஸ்'களை மட்டும் அடித்தால் இலக்கணம் ஓரளவு நேராகும், வாக்கியம் தேறாது. 'மச் ரிசர்ச்' சரியான ஆங்கிலம்தான், ஆனால் அடுத்து மேற்கோள் காட்டப்போவது தனித்தனி ஆய்வுகளை, அதனால் 'மெனி ஸ்டடீஸ்' பொருத்தம். எக்விப்மெண்ட்டுக்குப் பதில் 'இன்ஸ்ட்ருமெண்ட்ஸ்' போடலாம். அதைவிட, பயன்படுத்தியது கண்டக்டிவிட்டி மீட்டர் என்றால் அதன் பெயரையே எழுதிவிடலாம். போர்வெல்லிலிருந்து யாரும் எவிடென்ஸ் எடுப்பதில்லை, எடுப்பது 'சாம்பிள்ஸ்'. போர்வெல் ஒன்றா பலவா? பன்னிரண்டு என்றால் 'ட்வெல்வ் போர்வெல்ஸ்'. எண்ணாச் சொல் மொத்தையாகப் பேசும், எண்ணும் சொல் 'எத்தனை, எது' என்று கேட்டு நிற்கும். அதனால்தான் செய்முறைப் பகுதியில் எண்ணும் சொல் எனக்குப் பிடிக்கும். 'எ பீஸ் ஆஃப் எவிடென்ஸ்', 'அன் ஐட்டம் ஆஃப் எக்விப்மெண்ட்' என்று ஒட்டுப்போடுவது வேறு வழியில்லாதபோது மட்டும்.

அளவுகளில் ஒரு தலைகீழ் விஷயம் உண்டு. ஐந்து மில்லிலிட்டர் அமிலம் ஊற்றியதைச் சொல்லும்போது, எண் ஐந்தாக இருந்தாலும் வினை பெரும்பாலும் ஒருமையில் 'வாஸ் ஆடட்' என்று வரும். ஊற்றியது ஒரே அளவு என்பதால். 'டேட்டா' இலத்தீன் பன்மை, அதனால் பல ஆய்விதழ்கள் 'டேட்டா ஆர்' என்றே கேட்கும். பேச்சில் 'டேட்டா இஸ்' சகஜம். எண்ண வேண்டி வந்தால் 'டேட்டா பாயிண்ட்ஸ்' என்பதுதான் எல்லோருக்கும் வசதி.

ஒரு சொல் எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால், மாணவர்களுக்கான ஆங்கில அகராதியில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் 'சி' (கவுண்டபிள்) அல்லது 'யூ' (அன்கவுண்டபிள்) இருக்கும். இந்த ஏற்பாட்டைப் பரப்பியதில் 1942இல் டோக்கியோவில் வெளிவந்த, ஆங்கில ஆசிரியர் ஹார்ன்பியின் அகராதிக்குப் பெரிய பங்கு உண்டு. ஜப்பானிய மொழியிலும் பன்மை கட்டாயமில்லை, அவர்களுக்கும் நம்முடைய தலைவலியேதான். அகராதியில் இரண்டு எழுத்தும் போட்டிருந்தால் எந்த அர்த்தத்துக்கு எது என்று படித்துப் பார்க்க வேண்டும்.

அகராதி 'யூ' என்று சொன்ன பிறகும் சில சொற்கள் அடங்குவதில்லை. 'நாலெட்ஜ்' எண்ணாச் சொல், ஆனாலும் 'எ குட் நாலெட்ஜ் ஆஃப் தமிழ்' சரியான ஆங்கிலம். 'எ குட் ரிசர்ச்' மட்டும் ஆகாது. மானிடவியல் கட்டுரைகளில் 'நாலெட்ஜஸ்' என்றே வேண்டுமென்று எழுதுகிறார்கள், ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனி அறிவு மரபு உண்டு என்று காட்டுவதற்காக. அதையே பொறியியல் கட்டுரையில் எழுதிப் பாருங்கள், வழக்கம்போல 'எஸ்' அடிபட்டுத்தான் திரும்பி வரும்.