தளம் போடுவதற்கு முன்னால் வாருங்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். திருச்சிக்கு வெளியே புது வீடு, தை மாதம்தான் கிரகப்பிரவேசம் முடிந்தது. மாடியில் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், படுக்கையறை, மேற்குச் சுவரில் ஆறடிக்கு நாலடி கண்ணாடி ஜன்னல், தலைக்கு மேல் வெறும் கான்கிரீட் தளம். 1.5 டன் ஏசி விடிய விடிய ஓடியும் அறை குளிரவில்லை. "சார், 2 டன்னாக மாற்றிவிடலாமா, இல்லை ஃபால்ஸ் சீலிங் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். இந்தக் கோடையில் இதே கேள்வியோடு வந்த ஏழாவது ஆள் அவர். ஏழு பேரில் ஒருவர்கூடப் பிளான் போடும்போது இதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. எலிவேஷனுக்கு, அதாவது முகப்புத் தோற்றத்துக்கு மட்டும் நாலைந்து டிசைன் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள்.

ஃபால்ஸ் சீலிங் கதையை முதலில் பேசிவிடுகிறேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம் ஊரில் ஏப்ரல் நடுவில் ஒரு முறை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறை நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களிலும் அதிகம் விலகுவதில்லை. ஆகவே கோடையில் வீட்டிலேயே அதிக வெயில் வாங்கும் இடம் மொட்டைமாடிதான். 5 இஞ்ச் கான்கிரீட் பகல் முழுவதும் அந்த வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு கீழே இறக்குகிறது. ராத்திரி 10 மணிக்கு ஃபேன் போட்டால் அனலடிப்பது இதனால்தான், ஃபேனில் கோளாறு இல்லை. அந்த வீட்டில் இரவு 9 மணிக்குத் தளத்தின் அடிப்பக்கத்தை அளந்து பார்த்தேன். 41 டிகிரி. வெளியே காற்று 32 டிகிரிதான்.

இப்போது சொல்லுங்கள், 41 டிகிரியில் இருக்கும் தளத்துக்கு அடியில் ஒரு ஜிப்சம் பலகையைத் தொங்கவிட்டால் தளம் குளிர்ந்துவிடுமா? அது அப்படியேதான் காயும். நடுவில் அடைபட்ட காற்று சூடாகும், அப்புறம் பலகையும் சூடாகும். சூடு இறங்குவது கொஞ்சம் தாமதமாகும், கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வெயிலுக்குக் குடையைத் தலைக்கு மேலே பிடிப்போமா, சட்டைக்குள்ளே பிடிப்போமா? இதில் இன்னொரு வினையும் உண்டு. மழைக்காலத்தில் தளம் ஒழுகினால் பலகை அதை மறைத்துவிடும். கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். அழகுக்காகப் போடுகிறீர்களா, தாராளமாகப் போடுங்கள். சூட்டுக்காகப் போடாதீர்கள்.

அந்தப் பணத்தைத் தளத்துக்கு மேலே போடுங்கள். மெட்ராஸ் டெரஸ் கட்டிய காலத்தில் தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் அடிப்பார்கள். மேலே தட்டோடு பதிப்பார்கள். தளத்தை வெயில், மழையிலிருந்து காக்கும் அந்த மேலடுக்குக்கு வெதரிங் கோர்ஸ் என்று பெயர். இன்று அதையே "எதற்கு சார் தண்டச் செலவு" என்று விட்டுவிடுகிறார்கள். ஜல்லிக்கு ஆள் கிடைக்கவில்லையா, நீர்க்கசிவுத் தடுப்பு முடித்தபின் தளத்தின் மேல் ஒரு இஞ்ச் எக்ஸ்பிஎஸ் என்ற வெப்பத்தடுப்பு நுரைப் பலகை பரப்பி, வாட்டம் கொடுத்து, வெள்ளை ஓடு பதியுங்கள். வீடுகளுக்கான மத்திய அரசின் ஆற்றல் விதித்தொகுப்பு, ஈகோ நிவாஸ் சம்ஹிதா, 2018-லேயே வந்துவிட்டது. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்கிறது அது. வெறும் கான்கிரீட் தளம் ஏறக்குறைய அதைப்போல் மூன்று மடங்கு விடுகிறது.

அடுத்து மேற்கு. வாஸ்துவோடு எனக்குச் சண்டை இல்லை, படுக்கையறை கன்னி மூலையிலேயே இருக்கட்டும். ஜன்னலைத் தெற்குச் சுவருக்கு மாற்றுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன். சுட்டெரிக்கும் மே மாதத்தில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால் தெற்குச் சுவரில் அந்நேரம் வெயிலே விழாது. மற்ற மாதங்களின் உச்சி வெயிலைப் பெரும்பாலும் 2 அடி சன்ஷேடு தடுத்துவிடும். மேற்கு வெயில் அப்படியில்லை. சாய்வாக, சன்ஷேடுக்கு அடியில் புகுந்து நேரே கட்டிலில் விழும். அந்தச் சுவரில் அலமாரி வையுங்கள், அல்லது அந்தப் பக்கம் மாடிப்படியைக் கொண்டுவாருங்கள். வெளியே இடம் இருந்தால் ஒரு புங்கமரம் நடுங்கள். ஜன்னல் வைத்தே தீர வேண்டும் என்றால் வெளியே துளைகள் விட்ட ஜாலித் தடுப்போ மூங்கில் தட்டியோ வேண்டும். உள்ளே தொங்கும் திரைச்சீலைக்கு வெயில் வரும்போது சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டிவிட்டது.

"சோலார் போட்டுவிட்டோம், இனி என்ன?" என்பவர்களும் உண்டு. போடுங்கள், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. நாளுக்கு 12 யூனிட் போல வரும். உயரமான ஸ்டாண்டில் வைத்தால் தளத்துக்கு நிழலும் ஆகும். ஆனால் பில் குறைவது வேறு, அறை குளிர்வது வேறு.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். மாசி, பங்குனிக்குள் மொட்டைமாடி வெடிப்புகளை அடைத்து வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பூச்சு அடியுங்கள். தூசு படிந்தால் பலன் குறையும், அதனால் கழுவிவிடுங்கள். 75 வாட் ஃபேனை எடுத்துவிட்டு மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்ட 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டுங்கள். அதைச் சுழலவிட்டு ஏசியை 26-ல் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் ஆற்றல் சிக்கன அமைப்பு. 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இன்னும் கட்டாதவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தளம் போட நாள் குறிப்பதற்கு முன், ஏன், பிளானில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, ஒரு நாள் சாயங்காலம் 4 மணிக்குப் பிளானை எடுத்துக்கொண்டு மனையில் போய் நில்லுங்கள். எந்த அறை இருக்கப்போகும் இடத்தில் வெயில் முகத்தில் அடிக்கிறது, பக்கத்து வீட்டு நிழல் எதுவரை வருகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அந்தத் தாளிலேயே பென்சிலால் குறியுங்கள். அந்தத் தாளோடு உங்கள் இன்ஜினியரிடம் போங்கள்.