மாலிஃபை: கோபத்தை ஆற்றுவதா, ஆளைத் தாஜா செய்வதா?

மாலிஃபை (mollify) என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு அகராதியில் 'சாந்தப்படுத்து, சமாதானப்படுத்து' என்று போட்டிருக்கும். தப்பில்லை, ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதிப் பொருள்தான் கைக்கு வரும். கோபமாக இருப்பவரிடம் இதமாகப் பேசியோ, மன்னிப்புக் கேட்டோ, அவரைக் கொஞ்சம் இறங்கிவரச் செய்வதுதான் மாலிஃபை. பிரச்சினையே தீர வேண்டும் என்பதில்லை, வேகம் குறைந்தால் போதும்.

லத்தீனில் மோலிஸ் என்றால் மென்மையானது. அதோடு 'செய்' என்ற பொருள் தரும் ஃபாகெரே சேர்ந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நத்தை, சிப்பி இனத்துக்கு மொலஸ்க் என்று பெயர் வந்ததும் இதே மோலிஸிலிருந்துதான். அந்தக் காலத்தில் மருத்துவத்திலும் இந்தச் சொல் புழங்கியது, கட்டியையும் புண்ணையும் மருந்து போட்டு இளகவைப்பது என்ற பொருளில். 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், ஏசாயா முதல் அதிகாரத்தில், காயத்துக்கு எண்ணெய் இடுவதைச் சொல்ல இந்த வினைதான் வருகிறது. தமிழ் பைபிளில் அதே இடத்தைப் பாருங்கள்: 'எண்ணெயினால் ஆற்றப்படாமலும்' என்று இருக்கும். அருமையான தேர்வு! புண் ஆறும், சுடுபால் ஆறும், கோபமும் ஆறும். 'ஆறுவது சினம்' என்று ஔவையார் ஆத்திசூடியில் சொன்னதைச் சின்ன வகுப்பிலேயே படித்துவிட்டு, மொழிபெயர்க்க உட்காரும்போது மட்டும் ஏன் 'சாந்தப்படுத்து' என்று ஓடுகிறோம்?

ஆற்று, தணி இரண்டுமே பொருந்தும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஆளையே மாலிஃபை செய்யலாம், தமிழில் 'மேலாளரைத் தணித்தான்' என்றால் ஒட்டாது. 'மேலாளரின் கோபத்தைத் தணித்தான்' என்று கோபத்தைக் கொண்டுவர வேண்டும். ஆளைத்தான் சொல்ல வேண்டும் என்றால் அப்போது சமாதானப்படுத்து சரி. 'தேற்று' வேண்டாம், அது துக்கத்தில் இருப்பவருக்கு.

அப்புறம், அப்பீஸ் (appease) என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அது கேட்டதைக் கொடுத்து வாயை அடைப்பது. 1938இல் மியூனிக்கில் பிரிட்டனும் பிரான்சும் செக்கோஸ்லோவாகியாவின் சுடேட்டன் பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்ததற்குப் பிறகு அந்தச் சொல்லுக்கே கெட்ட பெயர் வந்துவிட்டது. கொடுத்தும் ஹிட்லர் அடங்கவில்லை, 1939 மார்ச்சில் அவர் படை அந்நாட்டுத் தலைநகர் பிராகுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அப்பீஸுக்கு நம் பேச்சு வழக்கில் இருக்கும் 'தாஜா செய்தல்' கச்சிதமாகப் பொருந்தும். மாலிஃபைக்கு அதைப் போடாதீர்கள்.