ஆறடி பெனரும் ஒரு சாண் மக்கும்

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் நின்று எடுத்த படம். போனில் அம்மாவும் அப்பாவும் பளிச்சென்று தெரிகிறார்கள். அதையே கல்யாண நாளுக்கு மக்கில் (தேநீர்க் கோப்பையில்) அடித்தால் முகம் கலங்கிக் கிடக்கிறது. "மெஷின் சரியில்லையோ?" என்று பலர் கேட்கிறார்கள்.

முதலில் மக்கில் உள்ள எழுத்தைப் பாருங்கள். மையை 200 பாகை செல்சியஸ் அளவில் ஆவியாக்கி மக்கின் பூச்சுக்குள் ஏற்றுகிறார்கள். சூடோ நேரமோ கூடினால் மை கசியும், அப்போது எழுத்தும் சேர்ந்தே மங்கும். பெயரும் திகதியும் கூராக இருந்து முகம் மட்டும் கலங்கினால் படத்தில் பிக்சல், அதாவது படத்தை ஆக்கும் புள்ளிகள், போதவில்லை.

எத்தனை பிக்சல் போதும்? அதைத் தீர்மானிப்பது நம் கண், அதுதான் இதில் அழகு. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை. அந்தக் கோணத்துக்குள் நெருங்கி நிற்கும் இரு புள்ளிகள் சாதாரணக் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். மக்கைக் கையில் பிடித்துப் பார்க்கும் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் ஒரு கலை என்பது 0.087 மில்லிமீற்றர். ஓர் அங்குலத்தில் இப்படி 291 அடங்கும். அச்சுக்கடையில் '300 டிபிஐ' (அங்குலத்துக்கு 300 புள்ளி) கேட்பது இந்தக் கணக்குக்குத்தான் சரியாக வருகிறது. தூரம் பத்து மடங்கானால் தேவை பத்திலொன்று. திருவிழாப் பெனரை 3 மீற்றர் தள்ளி நின்று பார்க்கிறோம், அங்குலத்துக்கு 30 போதும். ஆறடிப் பெனருக்கு அகலத்தில் 2160 பிக்சல். மக்கைச் சுற்றிவரும் 8 அங்குலத்துக்கோ 2400! பெனரைவிட மக்குதான் அதிகம் கேட்கிறது.

இனிப் பாலத்துப் படத்துக்கு வருவோம். வட்ஸ்அப்பில் வழமையான தரத்தில் அனுப்பினால் படத்தின் நீண்ட பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சலாகச் சுருங்கும். பாலத்தையும் வாவியையும் வெட்டிவிட்டு இருவரை மட்டும் எடுத்தால் மிஞ்சுவது அகலத்தில் 400 பிக்சல். போனில் இரண்டு சென்ரிமீற்றர்கூட இல்லாத அந்தத் துண்டை மக்கில் 8 சென்ரிமீற்றருக்கு இழுக்கிறோம். போதாததற்கு, படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் முறை அதை 8×8 பிக்சல் சதுரங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது. இங்கே ஒவ்வொரு சதுரமும் 1.6 மில்லிமீற்றர். கன்னத்தில் கட்டம் கட்டமாகத் தெரிவது அவைதான்.

கணினியில் 72 டிபிஐ என்பதை 300 என்று மாற்றினால் விபரம் கூடாது, பக்கத்துப் பிக்சல்களின் சராசரிதான் இடையில் நிரம்பும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கூர்மையாக்கித் தரும், ஆனால் இல்லாத கண்ணிமையையும் பல்லையும் ஊகித்து வரைந்துதான். சுனாமியில் அல்பங்களைப் பறிகொடுத்த வீடுகள் இந்தக் கரையில் ஏராளம். இறந்தவரின் ஒரேயொரு படத்தில் அப்படிச் செய்யவே கூடாது என்பேன். அது வேறொருவர் முகமாகிவிடும்.

மூலப் படம் போனில் இருந்தால் வட்ஸ்அப்பில் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புங்கள், ஒரு பிக்சலும் குறையாது. பாஸ்போட் அளவுக் கடதாசிப் படம் மட்டுமே மிச்சம் என்றால் அதைப் போனைக் கொண்டு படம்பிடிக்க வேண்டாம். ஸ்கேனரின் கண்ணாடியைத் துடைத்து, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, தரம் குறையாமல் சேமிக்கும் பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். 35 மில்லிமீற்றர் அகலத்தில் 827 பிக்சல் கிடைக்கும். மக்கில் 7 சென்ரிமீற்றர் அகலத்துக்கு அது தாராளம்.