ஆக்கி, மரபுரிமை: சொல் விளக்கம்

ஜாவா என்ற நிரல்மொழி படிப்பவர்கள் பலர் தடுமாறும் இடம், கன்ஸ்ட்ரக்டரும் (ஆக்கி) இன்ஹெரிட்டன்ஸும் (மரபுரிமை) சந்திக்கும் இடம். 'ஊழியர்' என்று ஒரு கிளாஸ், அதாவது ஒரே வகைப் பொருள்களை உருவாக்கும் அச்சு. புதுப் பொருள் உருவாகும்போது ஓடும் நிரல்பகுதிதான் கன்ஸ்ட்ரக்டர். பெயரும் சம்பளமும் கொடுத்தால்தான் அதன் கன்ஸ்ட்ரக்டர் வேலை செய்யும். அதிலிருந்து 'மேலாளர்' என்ற கிளாஸை வருவிக்கிறோம். இதுதான் இன்ஹெரிட்டன்ஸ்: ஊழியர் தாய், மேலாளர் சேய். ஊழியரின் மெத்தடுகள், அதாவது அது செய்யக்கூடிய செயல்கள், மேலாளருக்கும் வந்துவிடும். கன்ஸ்ட்ரக்டர் மட்டும் வராது. மேலாளருக்கென்று ஒன்றை எழுதி, அதற்குள் 'சூப்பர்' போட்டு, பெயரையும் சம்பளத்தையும் தாய் கிளாஸுக்கு அனுப்ப வேண்டும். விட்டுவிட்டால், நிரலை மொழிமாற்றும் கம்பைலர் பிழை காட்டும். தாயின் பகுதி சரியாக அமைந்த பிறகுதான் சேயின் பகுதியை அமைக்க முடியும். பைத்தான் மொழியில் கன்ஸ்ட்ரக்டரின் வேலையைச் செய்யும் 'இனிட்' சேய்க்கும் வரும். ஆனால் சேய் சொந்தமாக ஒன்றை எழுதிவிட்டால், கூப்பிடாதவரை தாயினுடையது ஓடாது.

இன்ஹெரிட்டன்ஸ் என்ற கருத்து நார்வேயில் பிறந்தது. ஓலே-யோகான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் அது இருந்தது, பெயர்தான் வேறு. 'ஊழியர் கிளாஸ் மேலாளர்' என்று தாயின் பெயரை முன்னால் எழுதுவார்கள். அதனால் அதை முன்னொட்டு என்றே சொன்னார்கள். வாரிசைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த இன்ஹெரிட்டன்ஸ் பிற்பாடு நிலைத்த பெயர். கன்ஸ்ட்ரக்டரின் வேரும் லத்தீன்தான்: சேர்த்து அடுக்கிக் கட்டுதல். சி பிளஸ் பிளஸ் நிரல்மொழியின் முன்னோடியை 1979இல் தொடங்கிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப், அதில் கன்ஸ்ட்ரக்டருக்கு 'நியூ ஃபங்ஷன்' என்று பெயர் வைத்திருந்தார்.

சரி, தமிழில்? வாரிசு உரிமைக்குத் 'தாயம்' என்ற பழஞ்சொல் சங்கப் பாட்டிலேயே உண்டு. ஆனால் தாயத்தில் சொத்து கைமாறிவிடும். இங்கே தாய் கிளாஸ் எதையும் இழப்பதில்லை. அதன் இயல்பு சேயிலும் இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் 'மரபுரிமை'யே பொருத்தம். தலைமுறை வழியாக வரும் குணத்தையும் நாம் மரபு என்றுதானே சொல்கிறோம்.

கன்ஸ்ட்ரக்டருக்குக் 'கட்டுநர்' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓட்டுநர், நடத்துநர் என்று 'நர்' விகுதி ஆளைக் குறிக்கும். இதுவோ ஒரு நிரல்பகுதி. இயக்கி, மின்னாக்கி வரிசையில் 'ஆக்கி' என்பதே நன்று. நினைவகத்தை ஒதுக்குவது அதன் வேலையல்ல, ஒதுக்கிய இடத்தில் தொடக்க மதிப்புகளை வைப்பதுதான். அதனால் 'தொடக்கி' எனலாமே என்பவர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஆக்கி என்றால், பொருளின் ஆயுள் முடியும்போது ஓடும் டிஸ்ட்ரக்டருக்கு 'அழிப்பி' என்ற இணை தானே அமைகிறது. சி பிளஸ் பிளஸில் ஆக்கிகள் தாயிலிருந்து சேய்க்கு ஓடும்; அழிப்பிகள் சேயில் தொடங்கித் தாயில் முடியும்.