டர்போ எஞ்சின்ல கேம் மாத்துறீங்களா? வால்வ் ஸ்பிரிங்கையும் பாருங்க

எங்ககிட்ட சிலிண்டர் ஹெட் வேலைக்கு வர்ற வண்டிகள்ல இது திரும்பத் திரும்ப நடக்குது. 272 டிகிரி கேம் (வால்வை இன்னும் அதிக நேரம் திறந்து வைக்கிற கேம்ஷாஃப்ட்) போட்டாச்சு, பூஸ்ட் (டர்போ உள்ள தள்ளுற காத்தோட அழுத்தம்) ஏத்தியாச்சு, டியூனும் முடிச்சாச்சு, ஆனா 7,000 ஆர்பிஎம் தாண்டினா வண்டி திக்குது. இக்னிஷன் காயில் மாத்தி, பிளக் கேப் குறைச்சு, ஃப்யூல் பம்ப் வரைக்கும் காசை விட்டுட்டுதான் வர்றாங்க. வால்வ் கவரைத் திறந்தா, வால்வை இழுத்து மூடுற, வருஷக்கணக்கா ஓடின கம்பெனி ஸ்பிரிங் அப்படியே உக்காந்திருக்கு.

மிட்சுபிஷி லான்சர் எவோ 9 வரைக்கும் வந்த 4ஜி63 டர்போ எஞ்சினையே எடுத்துக்கலாம், மலேசியால ப்ரோட்டான் கார் பாடிக்குள்ள நிறைய பேர் இறக்குறதும் இதத்தான். இன்டேக் வால்வ் (காத்து உள்ள வர்ற வால்வ்) விட்டம் 34 மில்லி, பரப்பு சுமார் 9 சதுர சென்டிமீட்டர். 1.5 பார் பூஸ்ட் வச்சா வால்வோட முதுகுல 14 கிலோ கிட்ட அழுத்தம் விழுது, ஸ்பிரிங் மூடப் பாக்குது, பூஸ்ட் திறக்கப் பாக்குது. சிலிண்டருக்குள்ளயும் பிரஷர் இருக்கறதால அந்த 14 கிலோவை ஸ்பிரிங் விசையில இருந்து முழுசா கழிக்கக் கூடாதுதான், ஆனா பழைய ஸ்பிரிங்குக்கு அதுல பாதியே பெரிய விஷயம். எக்ஸாஸ்ட் பக்கம் இன்னும் மோசம்ங்க, சின்ன டர்பைனை வச்சு பிழிஞ்சா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல தேங்குற பேக் பிரஷர் பூஸ்டையே தாண்டிடும்.

இதுக்கு மேல ஆர்பிஎம். 7,000-ல இருந்து 8,000-க்குப் போனா கேட்கறதுக்கு ஆயிரம்தான், ஆனா வால்வை அடக்கத் தேவையான விசை 30 சதவீதம் கூடுது, ஏன்னா அது வேகத்தோட வர்க்கத்துல ஏறும். ஸ்பிரிங்கால முடியலன்னா வால்வ் கேமை விட்டு எழும்பி சீட்ல குதிக்கும். 4ஜி63-ல ஹைட்ராலிக் லிஃப்டர் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவுல இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால சரிபண்ற பாகம்) வேற, நடுவுல கிடைச்ச இடைவெளியை அது எண்ணெயால ரொப்பிடும், அப்புறம் வால்வ் முழுசா மூடவே மூடாது. பவர் அளக்கற டைனோ மெஷின் ஷீட்ல பவர் கோடு பொசுக்குன்னு விழறது இதனாலதான். அதோட நின்னா அதிர்ஷ்டம், பிஸ்டன் போய் வால்வை முட்டினா ஹெட்டே போச்சு.

அதுக்காக கிடைக்கறதுலயே கெட்டியான ஸ்பிரிங்கைப் போடுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். தேவைக்கு மேல கெட்டின்னா லிஃப்டர் அமுங்கும், கேம் லோப் தேயும். கேம் கம்பெனி அந்த கேமுக்குன்னு சொல்ற ஸ்பிரிங், அதுக்குச் சேர்ந்த ரீட்டெய்னர் (ஸ்பிரிங்கை வால்வோட பிடிச்சு வைக்கிற மேல் தட்டு), அவ்வளவுதான்.

மாட்டும்போது இன்ஸ்டால்டு ஹைட்டை (வால்வ் மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கோட உயரம்) ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியா அளக்கணும், 16-ம் ஒரே மாதிரி இருக்கும்னு நம்பாதீங்க. சீட் வெட்டின ஹெட்டுன்னா வால்வ் மேல ஏறியிருக்கும், ஹைட் கூடி ஸ்பிரிங் லூஸாயிடும், அங்க ஸ்பிரிங்குக்கு அடியில ஷிம் (மெல்லிய வாஷர்) போட்டு சரிபண்ணணும். ஃபுல் லிஃப்ட்ல சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்ட இன்னும் 1 மில்லியாவது மிச்சம் இருக்கணும். இது பார்க்காம போட்ட செட்டை வெளிச்சத்துல பிடிச்சா சுருளுக்கு நடுவுல பளபளன்னு தேஞ்ச கோடு தெரியும், ரீட்டெய்னர் இடிச்ச வால்வ் சீலோட விளிம்பு நசுங்கியிருக்கும். அப்படி ஒரு தடவை இடிச்ச ஸ்பிரிங்கை திருப்பி மாட்டாதீங்க, ஸ்பிரிங் டெஸ்டர்ல அளவு சரியா காட்டினாலும் சரி.

செலவைப் பார்த்து பயப்படறவங்களுக்கு ஒண்ணு. ஸ்பிரிங் மட்டும் மாத்தணும்னா ஹெட்டை இறக்கணும்னு கட்டாயமில்ல, பிளக் ஓட்டை வழியா சிலிண்டருக்குள்ள காத்தை ஏத்தி வால்வைப் பிடிச்சு வச்சுக்கிட்டே மாத்தலாம். கேம் மாத்தற அன்னைக்கு கேம் எப்படியும் வெளியதான் கிடக்கும், அதே நாள்ல ஸ்பிரிங்கையும் மாத்தச் சொல்லிடுங்க.