லிட்டோரல் செல் ஆஞ்சியோமா: மண்ணீரலுக்குள் ஒரு கரை

மண்ணீரல் ஸ்கேன் அறிக்கையில் எப்போதாவது தட்டுப்படும் சொல் இது. 'ஓமா' என்று முடிவதைப் பார்த்ததும் புற்றுநோய்தான் என்று பலருக்கு மனம் பதறிவிடுகிறது. 'ஓமா' என்பது கட்டியைக் குறிக்கும் கிரேக்க விகுதி, அவ்வளவுதான். இந்தக் கட்டியும் பெரும்பாலும் தீங்கற்றதே.

'ஆஞ்சியோ'வுக்கு மூலம் 'ஆங்கெயோன்' என்ற கிரேக்கச் சொல். பாத்திரம், கலம் என்று பொருள். பிறகு அது இரத்தம் ஓடும் குழாய்க்கும் பெயரானது. இலங்கைத் தமிழில் 'குருதிக்கலன்' என்பதும் இதே வழியில் வந்த சொல்தான். தமிழ்நாட்டில் இரத்தநாளம் என்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது 'லிட்டோரல்'. இலத்தீனில் 'லிட்டுஸ்' என்றால் கடற்கரை. மண்ணீரலுக்குள் ஏது கரை? அங்கே செங்கூழ் எனப்படும், இரத்தத்தை வடிகட்டும் சிவந்த பகுதியில் இரத்தம் நுண்ணிய ஓடைகளாக ஓடுகிறது. அந்த ஓடைகளின் இரு பக்கமும், நீளவாக்கில் அடுக்கிய மூங்கில் பிளாச்சுகள் போல, நீண்ட செல்கள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. சிவப்பணுக்கள் அவற்றின் இடுக்கு வழியே நெளிந்துதான் ஓடைக்குள் வர வேண்டும். இந்தக் கரைச் செல்களிலிருந்து கிளம்பும் கட்டி என்பதால் இந்தப் பெயர். 1991இல் ஃபால்க், ஸ்டுட்டே, ஃப்ரிசேரா என்ற நோயியல் மருத்துவர்கள் மூவரும் 17 நோயாளிகளின் திசுக்களை வைத்து இதைத் தனிக் கட்டியாக விவரித்தார்கள்.

இந்தச் செல்கள் நாளத்தின் உட்சுவராகவும் இருக்கும், சிவப்பணுக்களை விழுங்கவும் செய்யும். இதை எம்ஆர்ஐ படத்திலேயே பார்க்கலாம். விழுங்கிய சிவப்பணுக்களின் இரும்பு தங்கிவிடுவதால் கட்டி பல சமயம் டி2 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் கறுத்துத் தெரியும். சாதாரண இரத்தநாளக் கட்டியான ஹெமாஞ்சியோமா அதே படத்தில் பெரும்பாலும் வெளுத்துத் தெரியும்.

சிடி ஸ்கேனில் இரத்தநாளங்களைப் பளிச்சென்று காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியவுடன் எடுக்கும் படத்தை மட்டும் நம்ப முடியாது. நல்ல மண்ணீரலே அப்போது வரிவரியாகத்தான் இருக்கும். சற்றுப் பொறுத்து எடுத்தால் சிறு கருமுடிச்சுகள் பல தெரியும். இன்னும் தாமதித்தால், மருந்து மெல்ல உள்ளே நிறைந்து, அவை சுற்றுத் திசுவோடு ஒன்றிப் போய்விடும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'கரையோர உயிரணு இரத்தநாளக் கட்டி' பிழையில்லை, ஆனால் வாயில் நுழையாது. சிவப்பணு, வெள்ளையணு என்று ஏற்கெனவே புழங்குகிறோமே, அந்த வரிசையில் 'கரையணு' இயல்பாக உட்காரும். ஆகவே என் தேர்வு: கரையணு நாளக்கட்டி. எழுதும்போது இடையின ரகரம் முக்கியம். 'கறையணு' என்றால் பொருளே மாறிவிடும்.

நிணநீர்ப் புற்றும், வேறிடத்திலிருந்து பரவிய புற்றும் படத்தில் இதேபோல் தோன்றலாம். அதனால் அறிக்கையில் இப்படி எழுதலாம்: "மண்ணீரலில் பல முடிச்சுகள். கரையணு நாளக்கட்டியாக இருக்கக்கூடும். உறுதிசெய்யத் திசு ஆய்வு தேவை."